நம்மளப் பத்தி நம்மளே இன்னாத்த சொல்லிக்கறது?

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் ஒரு ஃபிளக்ஸ் கண்ணில் படும். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், கல்யாணம் என்று ஏதோ ஒன்று. மேலே மாப்பிள்ளை கூலிங் கிளாஸோடு நிற்பார், முதுகுக்குப் பின்னால் ஒரு சிங்கம். கீழே பாஸ்போர்ட் சைஸில் வரிசையாக முகங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் "இவண்: நண்பர்கள்". அந்த ஃபிளக்ஸ்களில் சிலவற்றை டிசைன் செய்தவள் என்பதால் ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். பல சமயம் பணம் கொடுப்பதே மாப்பிள்ளைதான். மேட்டர் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் அவர்தான். "நட்புக்கு இலக்கணமே, ஏரியாவின் விடிவெள்ளியே" எல்லாம் அவர் கைப்பட வந்ததுதான். கடைசியாக மறக்காமல் ஒரு வாய்ஸ் நோட் வரும்: "அக்கா, அடியில நண்பர்கள்னு போட்டுருக்கா."

அதே ஆள் ஒரு வருஷம் கழித்துச் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்து விசிட்டிங் கார்டு அடிக்க வருவார். அப்போது பார்க்க வேண்டும் அந்தக் கூச்சத்தை. "பேரு, நம்பரு மட்டும் போடுக்கா போதும். நம்மளப் பத்தி நம்மளே இன்னாத்த சொல்லிக்கறது?"

இந்தக் கேள்வி என் காதில் அடிக்கடி விழுகிறது. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கடை போர்டு, பொட்டலத்துக்கு ஒட்டும் லேபிள், பில் புக் இவைதான் என் வேலை. முன்பு பாரிமுனைப் பக்கம் ஒரு பிரஸ்ஸில் கோரல்டிரா என்கிற டிசைன் சாஃப்ட்வேரில் உட்கார்ந்திருந்தேன். இப்போது வீட்டிலிருந்தே செய்கிறேன். அட்டையும் பத்திரிகை மாடல்களும் ஆண்டர்சன் தெருவில் எடுப்பேன், பிரிண்டிங் வெளியே. என்னிடம் வருபவர்கள் எல்லாருமே சின்ன ஆட்கள்தான்: எம்.சி. ரோட்டில் கடைக்குப் பின்னால் பிளவுஸ் தைப்பவர், கொடுங்கையூரில் வீட்டில் கேக் செய்பவர், வியாசர்பாடியில் பிளம்பர். கடைசியில் அவர்களைப் பற்றி நாலு வரி எழுதுகிற வேலையும் என் தலையில்தான் விழும்.

இந்தக் கூச்சம் குறையே இல்லை என்பது என் கட்சி. "உங்களை நீங்களே ஒரு பிராண்டாக மாற்றுங்கள்" என்று யூடியூபில் கோட் போட்டுக்கொண்டு பேசுகிறவர்கள், கூச்சத்தை ஏதோ வியாதி மாதிரி சொல்கிறார்கள். நமக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்தது வேறு. தற்பெருமை பேசாதே, உன் வேலை பேசட்டும் என்றுதான் வளர்த்தார்கள். அது நல்ல வளர்ப்பு. சிக்கல் என்னவென்றால், உங்கள் வேலை உங்களைத் தெரிந்தவர்களிடம் மட்டும்தான் பேசும். பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு அது கேட்காது.

சரி, பெருமை பேசாமல் எப்படிச் சொல்வது? போன கோடைக்கு முன்னால் வந்த ஏசி மெக்கானிக் தம்பியை வைத்துச் சொல்கிறேன்.

சட்டைப் பையிலிருந்து வேறு மெக்கானிக்குகளின் கார்டு நாலைந்தை எடுத்து மேஜையில் பரப்பினார். "இதுமாரி ஒண்ணு போட்டுருக்கா." எல்லாவற்றிலும் ஒரே பெங்குவின், ஒரே பனிக்கட்டி எழுத்து. "தரமான சேவையே எங்கள் தாரக மந்திரம்." "குறைந்த விலை, நிறைந்த சேவை." பெயரையும் நம்பரையும் மூடிவிட்டால் எது யாருடையது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். "உன்னை ஒரு தடவை கூப்பிட்டவங்கள்ல யாரு மறுபடி கூப்பிட்டாங்க? ஏன் கூப்பிட்டாங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். ராயபுரத்தில் ஒரு டீச்சரம்மா என்றார். அவர்கள் வீட்டு ஏசிக்கு இவருக்கு முன்னால் வந்தவர்கள் வருஷா வருஷம் கேஸ் அடித்து காசு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அடுத்த கோடையில் திரும்பவும் கூலிங் இருக்காது. "கேஸ் இன்னா பெட்ரோலாக்கா, ஓட ஓடக் கொறையறதுக்கு? அது உள்ளயே சுத்திக்கினு இருக்கணும். கொறைஞ்சிருக்குன்னா எங்கியோ லீக்குன்னு அர்த்தம்." இவர் போய் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரையைக் குழாய் மேல் தடவி, மொட்டைமாடியில் அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அவுட்டோர் யூனிட் காயிலில் ஓரிடத்தில் நுரை சின்னச் சின்னதாகப் பொங்கியிருக்கிறது. கடல் பக்கம் வீடு, உப்புக்காற்று அரித்து ஓட்டை. "இதாம்மா, இங்கதான் உங்க காசு போயிக்கினு இருக்குதுன்னு காட்னேன். அவ்ளோதான்." அதற்குப் பிறகு அந்த அம்மாவின் தங்கை வீடு, பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் என்று வேலை வந்துகொண்டே இருக்கிறது.

"தம்பி, உன் கார்டு முடிஞ்சிது" என்றேன்.

கார்டில் இப்படிப் போட்டோம்:

ஏசி சர்வீஸ், ரிப்பேர்.
லீக் எங்கே என்று காட்டிவிட்டுத்தான் கேஸ் போடுவேன்.
கடலோர வீடுகளில் உப்புக்காற்று அரித்த காயில் மாற்றித் தரப்படும்.
ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்.

திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தார். "இது பெருமை மாரியே தெரில்லியேக்கா" என்றார். பெருமை இல்லை, அதனால்தான் தெரியவில்லை. "சிறந்த", "தரமான", "நம்பகமான" என்பதெல்லாம் யாராலும் சரிபார்க்க முடியாத வார்த்தைகள். சொல்கிற நமக்கே அது தெரியும், அதனால் கூசுகிறது. "லீக்கைக் காட்டிவிட்டுத்தான் கேஸ் போடுவேன்" என்பதை முதல் வேலையிலேயே சரிபார்த்துவிடலாம். அப்படிப்பட்ட வாக்கியத்தைச் சொல்ல வாய் கூசுவதில்லை. என்னிடம் வருகிறவர்களிடம் இப்போது நான் கறாராக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான். பெங்குவின் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு லாபமும் உண்டு. நாலு ஏரியா பெயரை மட்டும் போட்டதும், "மத்த ஏரியாக்காரங்க கூப்பிட மாட்டாங்களேக்கா" என்று பயந்தார். சென்னை முழுதும் என்று போட்டால் யாரும் நம்புவதில்லை. காசிமேடு என்று போட்டால் காசிமேட்டுக்காரர் எடுத்து வைத்துக்கொள்வார்.

நான் கல்லூரியில் தமிழ் படித்தவள். அது சோறு போடவில்லை, பத்திரிகையில் ஒற்றுப்பிழை பார்க்கிற கண்ணைக் கொடுத்தது. கூடவே நன்னூல் என்கிற இலக்கண நூலையும் கொடுத்தது. இந்தக் கூச்ச விவகாரத்தைப் பற்றி 13ஆம் நூற்றாண்டிலேயே அதை எழுதிய பவணந்தி முனிவர் சட்டம் போட்டு வைத்திருக்கிறார் என்றால் என் வாடிக்கையாளர்கள் சிரிக்கிறார்கள். உண்மையாகவே போட்டிருக்கிறார். இலக்கணம் தொடங்குவதற்கு முன்னால் பாயிரத்தில், அதாவது முன்னுரையில் வருகிறது. எவ்வளவு பெரிய கெட்டிக்காரனாக இருந்தாலும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகுதி இல்லை என்று முதலில் ஒரு சூத்திரம். நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதேதான். ஆனால் அடுத்த சூத்திரத்திலேயே நான்கு இடங்களில் புகழ்ந்துகொள்ளலாம் என்று விட்டுக் கொடுக்கிறார்: அரச சபைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமையை அறியாதவர்கள் நடுவில், சபையில் வாதாடி வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழித்துப் பேசும்போது. இது புலவர்களுக்குச் சொன்னதாயிற்றே என்பீர்கள். அந்தப் புலவரும் சீயகங்கன் என்கிற சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்தவர்தானே. கிளையன்ட் கேட்டு வேலை செய்தவர். நம்ம ஆள்தான்.

வாதாடி வெல்கிற சபை எனக்கு இதுவரை வாய்க்கவில்லை. மற்ற மூன்றும் தினமும் வருகின்றன.

முதலில் அறியாதவர்கள். அறியாதவர் என்றால் எங்கோ இருப்பவர் என்று நினைக்காதீர்கள். சொந்தக்காரர்கள்தான் முதல் அறியாதவர்கள். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்த பெரியம்மா கேட்பார், "நீ இப்ப என்னம்மா பண்றே?" பெண்கள் பலபேர் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம்: "சும்மா வீட்டுலதான் பெரியம்மா, ஏதோ கொஞ்சம் டிசைன் அது இதுன்னு." அந்தச் "சும்மா"வும் "ஏதோ"வும் நம் தொழிலை நாமே மூடி வைக்கிற வார்த்தைகள். பெரியம்மாவுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்காது. "கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்றேன் பெரியம்மா. ஆவணி முகூர்த்தத்துக்கு இப்ப வேலை ஓடுது" என்றால் பெருமை ஒன்றும் இல்லை, கேட்டதற்குப் பதில். அந்த மண்டபத்தில் அடுத்த கல்யாணம் வைத்திருக்கும் வீடு குறைந்தது ஒன்று இருக்கும். பெரியம்மாவுக்கு அது யார் என்று தெரியும்.

அப்புறம், நிஜமாகவே எங்கோ இருப்பவர்கள். இவர்கள் கூகுளில் தேடுவார்கள். கூகுள் மேப்பில் தொழிலைப் பதிவது இலவசம். இதைக் கொட்டை எழுத்தில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதிவு செய்த கொஞ்ச நாளில் போன் வரும்: "மேடம், உங்க லிஸ்டிங் எக்ஸ்பயர் ஆகப்போகுது, பணம் கட்டினா ஃபர்ஸ்ட் பேஜ்ல வரும்." வைத்துவிடுங்கள். பதிவுக்கு கூகுள் காசு கேட்பதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள் இதில் தயங்குவதற்கு ஒரு நியாயமான காரணம் வீட்டு முகவரி ஊருக்கே தெரிந்துவிடுமே என்பதுதான். அதற்கு வழி இருக்கிறது. வாடிக்கையாளரின் இடத்துக்குப் போய் வேலை செய்பவர்களும் பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்களும் முகவரியைக் காட்டாமல், எந்தெந்தப் பகுதிக்குச் சேவை என்று மட்டும் போடலாம். இருபது பகுதிகள் வரை சேர்க்கலாம். கொடுங்கையூர் கேக் தங்கை அப்படித்தான் போட்டிருக்கிறார். தொழிலுக்குத் தனி சிம், அதில் வாட்ஸ்அப் பிசினஸ், மேப்பில் அந்த நம்பர் மட்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த போன் அணைந்துவிடும்.

அவருடைய மேட்டரில் ஒரே ஒரு வரி கூட்டினேன்: "முட்டையில்லாத கேக் தனிப் பாத்திரத்தில், தனி ஓவனில்." அவர் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார், யாரிடமும் சொன்னதில்லை. முட்டை தொடாத குடும்பங்கள் நிறைய இருக்கும் சௌகார்பேட்டை அவர் பட்டியலில் இருக்கிறது. அவர்கள் போன் பண்ணிக் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். கேள்வி வருவதற்கு முன்னால் பதில் சொல்வதை விளம்பரம் என்று நினைத்துக் கூச ஒன்றுமில்லை.

இந்த விஷயத்தில் என் குரு காசிமேட்டுக் கருவாட்டு அக்கா. அவருக்குக் கோட் போட்ட யூடியூப் ஆசாமிகள் யாரையும் தெரியாது. பொட்டலத்துக்கு லேபிள் அடிக்க என்னிடம் வந்தார், நான்தான் அவரிடம் கற்றுக்கொண்டேன்.

அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை முதலில் அண்ணன் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் ரோஜாப்பூவோடு இனிய காலை வணக்கம், பிறகு "சுத்தமான சுவையான காசிமேடு கருவாடு", அப்புறம் ஒரு சாமி படம், மறுபடி கருவாடு. ஸ்டேட்டஸ் வட்டம் புள்ளி புள்ளியாக உடைந்து கிடக்கும். அப்படிப் பார்த்தாலே கட்டைவிரல் தானாகத் தள்ளிவிட்டுப் போகும். பிறகு அந்தப் பெண் வேலைக்குப் போய்விட, அக்காவே எடுத்துக்கொண்டார். எழுதுவது அவருக்குச் சிரமம் என்பதால் போட்டோவும் குரலும் மட்டும்தான். ஒரு நாளைக்கு ஒன்று. வலை மேல் காயும் நெத்திலியைக் காட்டி, "இன்னிக்குத்தான் போட்டுருக்கன். வெயிலு நல்லா இருக்குது. ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கலாம்." மழை வந்தால், "தார்ப்பாய் போட்டு மூடிட்டன், ரெண்டு நாள் தள்ளும், யாரும் அலையாதீங்க."

ஒருநாள் நான் பார்த்ததிலேயே சிறந்த விளம்பரத்தைப் போட்டார்: "வஞ்சிரம் இந்த வாட்டி நல்லால்ல. உப்பு ஏறிப்போச்சு. கேட்டவங்க வாங்காதீங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்." அன்றைக்கே நெத்திலி முழுக்கத் தீர்ந்துவிட்டது. ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் வந்தால் அவருக்குச் செய்தி தானாக வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுகள் கொண்டுவருவது மட்டும்தான், மீன் விலை ஏறிவிடும். தடை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் அக்கா சொல்வார்: "பதினஞ்சாந் தேதிலேர்ந்து போட்டெல்லாம் கட்டிருவாங்க. கருவாடு வேணுங்கறவங்க இப்பவே சொல்லி வெச்சிருங்க." "வாங்குங்க வாங்குங்க" என்று கெஞ்சுவதில்லை. ஒரு தகவல், ஒரு தேதி, அவ்வளவுதான். தொழில் செய்கிற எல்லாருக்கும் வருஷத்தில் இப்படி இரண்டு மூன்று தேதிகள் இருக்கும். ஏசி தம்பிக்குப் பிப்ரவரி கடைசி, தையல்காரருக்குத் தீபாவளிக்கு எந்தத் தேதியோடு ஆர்டர் வாங்குவதை நிறுத்துகிறார் என்பது, எனக்கு ஆடி. அந்தத் தேதியைச் சொல்வது வாடிக்கையாளருக்கு உதவி. வேலை வேண்டும் என்று கேட்பது போலவே இருக்காது.

ஒரு நடைமுறை விஷயம். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரை போனில் சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். பாதிப் பேருக்குத் தெரியாத விஷயம் இது. செய்தி அனுப்பிவிட்டு, யாரும் பதில் போடவில்லையே, நம்மை யாருக்கும் பிடிக்கவில்லையோ என்று மனசு உடைந்துபோகிறார்கள். போகவே இல்லை, அதுதான் காரணம். அதனால் பொருளைக் கையில் கொடுக்கும்போதே சேவ் பண்ணச் சொல்லுங்கள். என்ன பெயரில் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். நான் எனக்கென்று ஒரு கம்பெனிப் பெயர் வைத்திருக்கிறேன், அழகான சங்கத் தமிழ்ச் சொல், ஒருவருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. "தண்டையார்பேட்டை பத்திரிகை அக்கான்னு போட்டுக்கோங்க" என்றால் ஆறு மாசம் கழித்தும் தேடி எடுக்கிறார்கள்.

இரண்டாவது, அரச சபைக்கு ஓலை. இன்றைக்கு அதன் பெயர் கொட்டேஷன். அம்பத்தூரிலோ கிண்டியிலோ ஒரு கம்பெனிக்குக் கொட்டேஷன் அனுப்பும்போது அடக்கம் காட்டுவது அடக்கமே இல்லை, எதிராளிக்கு வேலை வைப்பது. என்ன செய்திருக்கிறேன், எத்தனை நாளில் முடிப்பேன், எத்தனை முறை திருத்தம் செய்வேன், எவ்வளவு ரூபாய் என்று சொல்லத்தான் அந்தத் தாளே. நம் ஆட்கள் இவ்வளவையும் ஒழுங்காக எழுதிவிட்டு விலை வரும் இடத்தில் "பாத்து குடுங்க சார்" என்பார்கள். இந்த ஒரு வார்த்தைக்காக நான் யாரிடமும் சண்டை போடுவேன். பார்த்துக் கொடுங்கள் என்றால் அவர் பார்ப்பார், கொடுக்க மாட்டார். அதோடு நீங்கள் ஒரு தொகையை மனசில் வைத்துக்கொண்டிருப்பீர்கள், அது வராதபோது அவர் மேல் கோபம் வரும், அவருக்கு ஏன் என்றே தெரியாது. வேலையைச் சொல்கிற அதே மூச்சில் ரூபாயையும் சொல்லிவிட வேண்டும். "பத்திரிகை டிசைன் இவ்வளவு, ரெண்டு தடவை திருத்தம் அதுக்குள்ளயே, அதுக்கு மேல தனி." தெரிந்தவர்களுக்குக் குறைத்துக் கொடுப்பதாக இருந்தால், முழு விலையைச் சொல்லிவிட்டு அப்புறம் குறைத்துக்கொள்ளுங்கள். குறைத்தது அவர்களுக்குத் தெரியட்டும்.

மூன்றாவது, பழித்துப் பேசும்போது. இது எங்கள் பக்கத்துக்கே உரிய பஞ்சாயத்து.

ஓ.எம்.ஆர். பக்கமிருந்து ஒருவர் போன் பண்ணி டிசைன் எல்லாம் பிடித்துப்போய்க் கடைசியில் கேட்டார், "எந்த ஏரியா நீங்க? ஓ, நார்த் மெட்ராஸா... அங்கல்லாம் சேஃபாங்க? ரொம்ப தூரமாச்சே." சினிமா காட்டிய கத்தியும் ரத்தமும் அவர் குரலில் தெரிந்தன. இதற்குப் பயந்து கார்டில் வெறுமனே "சென்னை" என்று போடச் சொல்பவர்கள் உண்டு. 600 081, 600 039 என்று பின்கோடு போட்டால் தெரிந்துவிடுமே என்று அதையும் எடுக்கச் சொன்ன ஒரு இண்டீரியர் தம்பிகூட இருக்கிறார். எனக்கு அது ஒப்பவில்லை. அந்தத் தம்பியின் தச்சு வேலை அவ்வளவு நேர்த்தி, முகவரியில் மட்டும் எதற்கு ஒளிவு?

ஓ.எம்.ஆர். ஆளுக்கு நான் கோபப்படாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுகிறது, விமான நிலையத்திலிருந்து ஏறினால் மாறாமல் தண்டையார்பேட்டையில் இறங்கலாம். பத்திரிகை அட்டை விற்கும் ஆண்டர்சன் தெரு எனக்குப் பக்கம், அவருக்குப் பக்கத்தில் இருக்கும் டிசைனருக்குத்தான் தூரம். ஒரு அட்டை தீர்ந்துபோனால் நான் அரை மணியில் வேறு கொண்டுவருவேன், அவர் ஒரு நாள் எடுத்துக்கொள்வார். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலே 1856இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது, அப்போது யாரும் தூரம் என்று சொல்லவில்லை என்பதைச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லவில்லை. ஆர்டர் வந்துவிட்டது, சேஃபா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே. இப்போது என் கார்டில் "தண்டையார்பேட்டை, ஆண்டர்சன் தெருவிலிருந்து அரை மணி" என்றே போட்டிருக்கிறேன்.

இனி அந்த "இவண்: நண்பர்கள்" விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாப்பிள்ளைகளுக்கு ஒன்று சரியாகப் புரிந்திருக்கிறது. புகழ்ச்சி பிறர் வாயிலிருந்து வந்தால்தான் எடுபடும். பவணந்தியும் அதையே சொல்கிறார். ஒரு நூலுக்குப் பாயிரம் எழுத வேண்டியவர்கள் ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரை எழுதுபவர், இந்த நால்வர்தான். எழுதியவன் தானே எழுதக்கூடாது. மாப்பிள்ளை தானே எழுதி நண்பர்கள் தலையில் கட்டுகிறார், அங்கேதான் பிசகு.

நால்வரில் எனக்கு அதிகம் உதவியவர்கள் கூடப் படித்தவர்கள், அதாவது இதே தொழில் செய்பவர்கள். பிரஸ்ஸில் என்னோடு உட்கார்ந்திருந்த இருவர் இப்போது தனித்தனியாக வேலை செய்கிறார்கள். போட்டிதானே என்பார்கள். தை மாசத்தில் மூவராலும் வந்த வேலையைச் செய்து முடிக்க முடியாது, என்ன போட்டி? ஒருவர் லேசர் கட்டிங் கார்டில் கில்லாடி, இன்னொருவர் உருதுப் பத்திரிகை அச்சுப்பிழை இல்லாமல் செய்வார். எனக்குத் தமிழ். வருகிற வேலையை ஆள் பார்த்துத் திருப்பிவிடுகிறோம். "அவங்க தமிழ் படிச்சவங்க, ஒரு தப்பு இருக்காது" என்று அவர்கள் என்னைப் பற்றிச் சொல்வதை நான் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

வாடிக்கையாளர்களைச் சொல்ல வைப்பதில் ஒரு நேரம் காலம் இருக்கிறது. பொருளைக் கொடுத்த கையோடு "ரிவ்யூ போடுங்க மேடம்" என்று நிற்கக்கூடாது. கல்யாணம் முடிந்து, பத்திரிகையை எல்லாரும் பார்த்து, அவர்களாக ஒரு நாள் "எல்லாரும் யார் அடிச்சதுன்னு கேட்டாங்க" என்று அனுப்புவார்கள். அப்போது கேட்க வேண்டும்: "ரொம்ப சந்தோஷம்மா. இதையே ரெண்டு வரி கூகுள்ல போட முடியுமா?" லிங்க்கையும் கூடவே அனுப்பிவிட வேண்டும், தேடச் சொன்னால் மறந்துவிடுவார்கள். அவர்கள் அனுப்பியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவதாக இருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள், நம்பரை மறைத்துவிடுங்கள். ரிவ்யூ போட்டால் தள்ளுபடி என்று ஆசை காட்டுவதை கூகுள் அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் நான் செய்ய மாட்டேன், அது மாப்பிள்ளை காசில் அடித்த ஃபிளக்ஸ்தான்.

இது ஆடி மாசம். முகூர்த்தம் கிடையாது, கூழ் வார்க்கும் நோட்டீஸ்கள் மட்டும் வருகின்றன. இந்த மாசம்தான் நான் பழைய ஆட்களுக்குச் செய்தி அனுப்புவேன். பலபேர் கேட்டதால் அப்படியே தருகிறேன்:

"வணக்கம், தண்டையார்பேட்டை பத்திரிகை அக்கா. ஆவணி, ஐப்பசி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை வேலை எடுக்க ஆரம்பித்துவிட்டேன். மேட்டர் கையில் வந்த நாளிலிருந்து ஒரு வாரத்தில் டிசைன் முடித்துத் தருவேன். பிரிண்ட் தனி. உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும், வேண்டியவர்கள் யாராவது இருந்தால் இந்தச் செய்தியை அப்படியே அனுப்பிவிடுங்கள்."

கடைசி வரிதான் அதிகம் வேலை செய்கிறது. பெரும்பாலானவர்கள் வீட்டில் கல்யாணம் இருக்காது, அனுப்பிவிடுவதில் அவர்களுக்குச் செலவும் இல்லை. பதில் வராதவர்களுக்கு நான் மறுபடி அனுப்புவதில்லை, போன் பண்ணி "பாத்தீங்களா" என்று கேட்பதும் இல்லை. அடுத்த செய்தி மார்கழியில், தை முகூர்த்தத்துக்கு.

ஏசி தம்பி அவருடைய செய்தியையும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிப்ரவரி வரை நேரம் இருக்கிறது என்றேன். "இல்லக்கா, இந்த வாட்டி வாஷிங் மிஷினும் சேத்துப் போடணும்" என்றார். வாஷிங் மெஷினில் யார் மறுபடி கூப்பிட்டார்கள் என்று யோசித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.